சிறிய கார் வாங்குவோருக்கு: விலையும் வேரியண்டும் வாரண்டியும்

கொடும்பாளூர் பண்டுதொட்டே பாதைகள் கூடிப் பிரிகிற ஊர். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் கோவலனுக்கு வழி சொல்ல வந்த மாங்காட்டு மறையோன், கொடும்பைக் குளத்துக்கு அப்பால் வழி மூன்றாகப் பிரிவதைக் கூறி, அம்மூன்றில் ஒவ்வொன்றிலும் பிரயாணிக்கு எது துணை, எது இடையூறு என்பதை அவன் அடியெடுத்து வைக்கும் முன்னரே விவரித்துவிடுகிறான். வழிகாட்டி என்று பெயர் தாங்கிய எந்த நூலுக்கும் உரிய தர்மம் அதுவே. ஆகையால், சிறிய கார் ஒன்றை முதன்முதலாக வாங்க உத்தேசித்திருக்கும் இவ்வட்டாரத்துக் குடும்பத்தார் ஷோரூம் படியேறுவதற்கு முன்னரே அறிந்திருக்க வேண்டிய விஷயங்களை இந்த அத்தியாயம் ஒழுங்குபடுத்திச் சொல்கிறது.

திருச்சியும் புதுக்கோட்டையும் இவ்வூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. கார் விற்கும் ஷோரூம்களும் கம்பெனி சர்வீஸ் நிலையங்களும் பெரும்பாலும் அந்நகரங்களிலேயே இருப்பதால், நம் ஊர்க்காரர் ஒருவருக்கு விலை விசாரிக்க ஒருமுறை, வண்டி ஓட்டிப் பார்க்க ஒருமுறை, பணம் கட்ட ஒருமுறை என்று அலைவது சிரமமாகி, கடைசியில் விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகச் சொன்னதையே வேதவாக்காக ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டுவிடும் நிலைமை எளிதில் நேர்ந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான கருத்து ஒன்றே: எழுத்தில் வந்ததே விலை, எழுத்தில் வந்ததே வசதி, எழுத்தில் வந்ததே உத்தரவாதம். மற்றவையெல்லாம் பேச்சு.

முதலில் தீர்மானிக்க வேண்டியது

எந்தக் கார் நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. யாருக்கு, எந்தக் காரியத்துக்கு என்று கேட்டால்தான் விடை பிறக்கும். உதாரணத்துக்கு இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில், மாதத்தில் 25 நாள் திருச்சிக்குப் போய்வந்து உத்தியோகம் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். போகவர நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் வீதம் அவருடைய வண்டி வருஷத்துக்கு 24,000 கிலோமீட்டர் ஓடும். இன்னொரு வீட்டில், ஓய்வுபெற்ற தம்பதியர் விராலிமலை முருகன் கோயிலுக்கும், மணப்பாறைச் சந்தைக்கும், மருத்துவமனைக்கும், எப்போதாவது உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் போய்வர மட்டும் வண்டி வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய ஓட்டம் வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டரைத் தாண்டாது. இவ்விரு வீட்டாரும் ஒரே மாடலை ஒரே நாளில் வாங்கினாலும், அவர்களுக்கு ஏற்ற வேரியண்ட் வேறு, வாரண்டி வேறு. ஆகையால் தம் வருஷாந்தர ஓட்டத்தை முதலில் ஒரு தாளில் கணக்கிட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

விலையின் அங்கங்கள்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படுவது எக்ஸ்-ஷோரூம் விலை; வண்டி நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் வரையில் நாம் கொடுப்பது ஆன்ரோடு விலை. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சிறிய காருக்கே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவது சர்வசாதாரணமாகையால், அந்த வித்தியாசத்தின் ஒவ்வொரு அங்கத்தையும் தனித்தனியே அறிந்துகொள்வது அவசியம்.

எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோல் வண்டியானால் 1,200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உடையதே சிறிய கார் என்ற வரையறை, 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டபோது வந்தது. அதன் பயனாகவே நம் நாட்டுச் சாலைகளில் இத்தகைய குட்டை வண்டிகள் பெருகின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இவ்வகைப் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத வரியும் 1 சதவீத மேல்வரியும் விதிக்கப்பட்டிருந்தன; 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 5,00,000 ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வண்டி, பழைய கணக்கில் 6,45,000 ரூபாய். புதிய கணக்கில் 5,90,000 ரூபாய். பழைய விலைப்பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவோரும், உறவினர் சில வருஷங்களுக்கு முன் வாங்கிய விலையைப் பிரமாணமாகக் கொள்வோரும் இந்த 55,000 ரூபாய் மாறுதலைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது, ரோடு டாக்ஸ் என்று எல்லாரும் சொல்லும் ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதமும், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதமும், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் செலுத்த வேண்டும். 6,50,000 ரூபாய் வண்டிக்கு இது 84,500 ரூபாய். இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான நுட்பம் யாதெனில், எல்லையைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்குமே அதிக விகிதம் விதிக்கப்படுகிறது. 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870 ரூபாய். 10,01,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,80,180 ரூபாய். அத்துடன், 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு விற்பவர் 1 சதவீதம் வருமான வரியாக முன்வசூல் செய்ய வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்வதால் இன்னும் 10,010 ரூபாய் கையைவிட்டுப் போகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வோர் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், டெலிவரி நாளில் அது ரொக்கச் சுமையே. ஆக, 2,000 ரூபாய் விலை வித்தியாசம் 60,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவை இழுத்து வருகிறது. சிறிய கார்களில் டாப் மாடலைப் பார்த்து மனம் இழப்போர் இந்த எல்லைக்கோட்டை மறக்கலாகாது.

ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் ஆர்.சி.யில் வங்கியின் பெயரை ஏற்றும் ஹைபாதிகேஷன் கட்டணம் 1,500 ரூபாய். சாலைப் பாதுகாப்பு வரி, ஆர்.சி. அட்டைக்கான கட்டணம் முதலிய சிறு தொகைகளும் உண்டு. இவை அனைத்துக்கும் அரசாங்க ரசீது உண்டாகையால், ஆர்.டி.ஓ. செலவு என்று ஒரே வரியில் பெருந்தொகை போடப்பட்டிருந்தால், அதைப் பிரித்து எழுதித் தரும்படி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரல் முதல் கம்பெனியே வண்டியுடன் தர வேண்டும் என்பது விதி; அதற்குத் தனியே பணம் கேட்பது நியாயமன்று. ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற பெயரில் ஒரு தொகை காணப்பட்டால், எந்த விதியின்கீழ் அது வசூலிக்கப்படுகிறது என்று பட்டியலிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித்தர முடியாத தொகை பெரும்பாலும் நீக்கத்தக்க தொகையே. ரெஜிஸ்ட்ரேஷனை மாநிலத்துக்குள் எந்த அலுவலகத்திலும் செய்துகொள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடமளிக்கிறது. திருச்சியில் வாங்கினாலும் புதுக்கோட்டையின் டி.என். 55 எண்ணையே விரும்புவோர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்சூரன்ஸில் எதைக் குறைக்கலாம்

ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் சட்டத்தில் இல்லை. வெளியே ஒரு கம்பெனியிடம் பிரீமியம் விசாரித்து, அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோகிறவருக்கு ஷோரூம் பிரீமியம் கணிசமாகக் குறைவதைக் காணலாம். பிரீமியத்தில் இரண்டு பாகங்கள் உண்டு. பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி 1,000 சி.சி. வரையிலான காருக்கு 6,521 ரூபாயும், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 10,640 ரூபாயும், இவற்றின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஆகும். இதில் பேரத்துக்கு இடமில்லை.

நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான இரண்டாம் பாகத்தில்தான் கம்பெனிக்குக் கம்பெனி பிரீமியம் மாறுபடும். இந்தப் பாகத்தை ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்கு மாறுவதும் நம் உரிமை. பம்பர்-டு-பம்பர் என்று வழங்கும் ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்க்கையை முதல் சில வருஷங்களுக்கு எடுத்துக்கொள்வது அனுகூலம். ஏனெனில் சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு விலையில் 50 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் நஷ்டஈடு தருவார்கள், இக்காலத்துச் சிறிய காரின் பம்பரோ முழுவதும் பிளாஸ்டிக். ஓட்டுபவரான உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம் என்றாலும், அத்தகைய பாலிசி ஒன்று ஏற்கெனவே தம்மிடம் இருப்பவர் அதைத் தெரிவித்து, இரண்டாம் முறை பணம் கட்டுவதைத் தவிர்க்கலாம்.

கடனும் தவணையும்

மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்பவர், வட்டியாக மொத்தம் எவ்வளவு போகும் என்று கேட்க மறந்துவிடுகிறார். 6 லட்சம் ரூபாய்க் கடனுக்கு, குறையும் நிலுவைமீது வருஷத்துக்கு 9 சதவீத வட்டி என்று கொண்டால், 5 வருஷத்தில் அடைக்க மாதம் 12,455 ரூபாய். 7 வருஷத்தில் அடைக்க மாதம் 9,653 ரூபாய். மாதம் 2,800 ரூபாய் குறைவது இனிக்கும். ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ 63,500 ரூபாய் அதிகமாகக் கட்டியிருப்போம். அதே 9 சதவீதத்தை ஃபிளாட் வட்டி என்று ஒருவர் சொன்னாரானால், 5 வருஷத்துக்கு வட்டி மட்டும் 2,70,000 ரூபாய் ஆகிவிடும். குறையும் நிலுவைக் கணக்கில் அது 1,47,300 ரூபாய்தான். ஆகையால், சதவீதத்தைக் கேட்பதோடு நில்லாமல் அது எவ்வகை வட்டி, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் பெற வேண்டும்.

தள்ளுபடியின் காலம்

ஆடி மாதத்திலும் மார்கழியிலும் நம்மவர் புதுவண்டி எடுக்கத் தயங்குவதை ஷோரூம்கள் நன்கு அறியும். ஆயுத பூஜை, விஜயதசமி நாட்களில் டெலிவரிக்கு வரிசை நிற்பதையும் அறியும். ஆகவே ஆடியில் பேரம் பேசி விலையை எழுத்தில் உறுதிசெய்துகொண்டு ஆவணியில் வண்டியை எடுப்பது, சம்பிரதாயத்துக்கும் சிக்கனத்துக்கும் ஒருங்கே பொருந்தும் உபாயம். புக்கிங் படிவங்களில் சாதாரணமாக, டெலிவரி நாளன்று அமலில் உள்ள விலையே செல்லும் என்ற நிபந்தனை இருக்குமாகையால், பேசிய தள்ளுபடி எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும். டிசம்பர் மாதத் தள்ளுபடி பெரிதாயிருப்பதன் காரணம், அவ்வருஷத்தில் தயாரான வண்டி ஜனவரியில் பழைய வருஷ வண்டியாகிவிடுவதே. பத்து வருஷம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு அது லாபம். மூன்று வருஷத்தில் விற்றுவிடுகிறவருக்கு, தள்ளுபடியில் பெற்றதை மறுவிற்பனையில் இழக்கும் வியாபாரம். கேஷ் டிஸ்கவுண்ட், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் டிஸ்கவுண்ட் ஆகியவற்றைத் தனித்தனித் தொகையாக எழுதச் சொல்லுங்கள். பழைய வண்டியைக் கொடுக்கும்போது, எந்தத் தேதி, எந்த மணி முதல் அது தம் வசம் வந்தது என்று ஷோரூம் எழுதிக்கொடுக்கும் சீட்டு இல்லாமல் சாவியைக் கொடுத்துவிடலாகாது, ஆர்.சி. பெயர்மாற்றம் முடியும்வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்களே.

வேரியண்ட் என்னும் ஏணி

ஒரே மாடலைப் பல படிகளாகப் பிரித்து விற்பது எல்லாக் கம்பெனிகளின் வழக்கம். மாருதி சுஸுகி ஸ்விஃப்டில் எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., இசட்.எக்ஸ்.ஐ. என்றும், பலேனோவில் சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபா என்றும், நம் மாநிலத்து இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாயின் கிராண்ட் ஐ10 நியோஸில் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா என்றும் இப்படிகளுக்குப் பெயர். பெயர்கள் எவையாயினும், கீழ்ப்படியை பேஸ் மாடல் என்றும் மேற்படியை டாப் மாடல் என்றும் மக்கள் வழங்குகிறார்கள்.

2024 மே மாதத்தில் நான்காம் தலைமுறை ஸ்விஃப்ட் வெளிவந்தபோது, அதன் எக்ஸ்-ஷோரூம் விலை கீழ்ப்படியில் 6.49 லட்சம் ரூபாயாகவும், ஆட்டோமேட்டிக் கியருடன் கூடிய உச்சப்படியில் 9.64 லட்சம் ரூபாயாகவும் இருந்தது. எஞ்சின் இரண்டிலும் ஒன்றே. ஏணியின் உயரம் 3,15,000 ரூபாய். அதன்மேல் 13 சதவீத ஆயுட்கால வரி 40,950 ரூபாய். இத்தனை தொகைக்கு வாங்குபவர் எதைப் பெறுகிறார் என்பதுதான் கேள்வி.

அக்கேள்விக்கு விடைகாண, வசதிகளை இரண்டு ஜாதியாகப் பிரித்துக்கொள்வது உத்தமம். தொழிற்சாலையிலேயே வந்தாக வேண்டியவை ஒரு ஜாதி. பிறகு பொருத்திக்கொள்ளக் கூடியவை மறு ஜாதி. ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக், வண்டி வழுக்காமல் தடுக்கும் ஈ.எஸ்.சி., குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, ஓட்டுநர் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் அமைப்பு, பின்கண்ணாடி வைப்பர், பின்னிருக்கைக்கான ஏ.சி. துவாரம், ஆட்டோமேட்டிக் கியர் ஆகியவை முதல் ஜாதி. இவற்றை எந்தக் கடையிலும் பிற்பாடு ஒழுங்காகப் பொருத்த முடியாது. சீட் கவர், தரைவிரிப்பு, மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, அலாய் வீல் ஆகியவை இரண்டாம் ஜாதி. இவற்றுக்காக ஒரு படி மேலேறுவது பெரும்பாலும் விரயம்.

முதல் ஜாதியிலும் உயிர் காப்பவையே முதன்மை பெற வேண்டும். சட்டம் குறைந்தபட்சத்தையே கட்டாயமாக்குகிறது: ஏ.பி.எஸ்., வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார், முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் ஆகியவை 2019 முதல் 2021 வரையிலான காலத்தில் படிப்படியாகக் கட்டாயமாயின. ஆறு ஏர்பேக் சட்டத்தால் கட்டாயமாகவில்லை; ஆயினும் ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லா மாடல்களிலும், மாருதி 2025 மே மாதத்தில் ஆல்டோ கே10, வேகன் ஆர், செலேரியோ முதலிய மலிவான வண்டிகளிலும் ஆறு ஏர்பேக்கை அடிப்படைப் படியிலேயே வைத்தன. இது சாமானியக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை. உயிருக்குரிய பாதுகாப்பு, பணம் அதிகம் கொடுப்பவரின் பிரத்தியேக சலுகையாயிருந்த நிலைமை மெல்ல நீங்கிவருகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற அமைப்பு நம் நாட்டிலேயே வண்டிகளை மோதிப் பரிசோதித்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பளித்துவருகிறது. வாங்க உத்தேசித்த மாடல் அதில் பரிசோதிக்கப்பட்டதா, அந்த மதிப்பு எந்தெந்த வேரியண்டுகளுக்குச் செல்லும் என்பதைப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்து வெயிலும் புழுதியும் வேறு சில நியாயங்களைச் சொல்லும். பின்னிருக்கையில் முதியோர் அமர்வாராயின் பின் ஏ.சி. துவாரம் ஆடம்பரமன்று, ஆரோக்கியம். மண்சாலையில் போய்வரும் வண்டியின் பின்கண்ணாடியைப் புழுதி மூடிவிடுமாகையால், மழை குறைந்த நாட்டிலும் பின்வைப்பர் பிரயோஜனப்படும். மாறாக, டாப் மாடலின் அலாய் வீல் பள்ளத்தில் மோதி விரிந்தால் புதிதாக வாங்க வேண்டிவரும். பேஸ் மாடலின் இரும்பு வீல் நெளிந்தால் பெரும்பாலும் தட்டி நிமிர்த்திவிடலாம். ஸ்விஃப்டில் கீழ்ப்படிக்கு 14 அங்குலமும் மேற்படிக்கு 15 அங்குலமுமாக டயர் அளவே வேறுபடுவதால், டயர் மாற்றும் காலத்துச் செலவும் வேறுபடும்.

நம் இரு குடும்பங்களுக்கும் திரும்பிவருவோம். திருச்சி நகர நெரிசலில் தினமும் கிளட்சை மிதிப்பவருக்கு, 2014-இல் செலேரியோ மூலம் நம் நாட்டுக்கு வந்த ஏ.எம்.டி. எனும் எளிய ஆட்டோமேட்டிக் கியர் தரும் சௌகரியம், கொடுக்கும் பணத்துக்குத் தகுந்ததே. அது நடுப்படியிலேயே கிடைத்தால் உச்சப்படிக்குப் போக வேண்டியதில்லை. அவருக்கு மைலேஜும் பெரிய விஷயம்: லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் 22 தரும் வண்டிக்கும் இடையே வருஷத்துக்கு 240 லிட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலே 24,000 ரூபாய். ஓய்வுபெற்ற தம்பதியருக்கோ அதே வித்தியாசம் வருஷத்துக்கு 5,000 ரூபாய்தான். ஆகவே அவர்கள் மைலேஜுக்காகவும் சி.என்.ஜி.க்காகவும் கூடுதல் விலை கொடுப்பதைவிட, ஏறி இறங்க வசதியான உயர்ந்த இருக்கையும், பின் ஏ.சி.யும், ஏர்பேக்கும் உள்ள படியைத் தேர்வதே விவேகம்.

வாரண்டியை வாசிக்கும் முறை

கொடும்பாளூர் மூவர் கோயிலைக் கட்டிய இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுப்பித்ததையும் மடத்துக்குத் தானம் அளித்ததையும் கல்லிலே பொறித்து வைத்தான். விமானங்களில் ஒன்று அழிந்து இரண்டே எஞ்சியபோதும், அவன் செய்தது இன்னதென்று நாம் இன்றும் சந்தேகமின்றி அறிவது அந்த எழுத்தினாலேயே. உத்தரவாதம் என்பதும் அத்தகையதே. வாரண்டிப் புத்தகத்தில் அச்சாகியிருப்பது மட்டுமே கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

அப்புத்தகத்தில் முதலில் காண வேண்டியது காலமும் தூரமும். 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அது என்பதே நிபந்தனை. டொயோட்டா இந்த அளவைப் பல வருஷங்களாகத் தந்துவந்தது. 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்று வைத்திருந்த மாருதியும் 2024 ஜூலையில் இதற்கு உயர்த்தியது. திருச்சிக்குத் தினம் போய்வருபவரின் வண்டிக்கு, பழைய நிபந்தனையில் 20 மாதத்திலேயே வாரண்டி முடிந்திருக்கும். புதியதில் மூன்று வருஷமும் நிற்கும், ஏனெனில் அதற்குள் 72,000 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும். ஒரு கம்பெனி, 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், 5 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்று இரண்டு தேர்வுகள் வைத்தால், முன்னது அவருக்கு. பின்னது ஐந்து வருஷத்தில் 25,000 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டும் தம்பதியருக்கு.

இதே கணக்கே எக்ஸ்டெண்டெட் வாரண்டிக்கும். வருஷத்துக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், 6 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்க முடிந்தால் அதன் முழுப்பயனையும் பெறுவார். ஆறு வருஷத்தில் அவர் 1,44,000 கிலோமீட்டரைத்தான் எட்டுவார். முதல் வாரண்டி முடியும் முன்னரே இதை வாங்க வேண்டும். தாமதித்தால் கட்டணம் உயரும். வண்டியை விற்கும்போது அது வாங்குபவருக்கு மாறுமா என்பதையும் கேட்டு அறிய வேண்டும். மாறுமாயின் மறுவிற்பனையில் அதற்கு மதிப்பு உண்டு. மின்சாரக் கார் வாங்குவோர் வண்டிக்கான வாரண்டியையும் பேட்டரிக்கான வாரண்டியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். டாடா டியாகோ மின்சார வண்டியில் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று தரப்பட்டது.

இரண்டாவதாகக் காண வேண்டியது, எவற்றுக்கு வாரண்டி இல்லை என்ற பகுதி. தேய்மானப் பொருள்களான பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், ஃபில்டர், பல்பு ஆகியவற்றுக்கு இல்லை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிகளே பொறுப்பு. எலி கடித்த வயருக்கு வாரண்டி செல்லாது. வயலும் தோட்டமும் சூழ்ந்த வீட்டில் வண்டி நிறுத்துவோர் இதை நினைவில் வைத்து, இன்சூரன்ஸ் பாலிசி அந்நஷ்டத்தை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேங்கிய வெள்ளத்தில் ஓட்டி எஞ்சினுக்குள் நீர் புகுந்தாலும் அப்படியே. அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற இன்சூரன்ஸ் சேர்க்கை தனியே உண்டு.

மூன்றாவது, நம் செய்கையால் வாரண்டியை இழக்கும் வழிகள். முன்னே இரண்டாம் ஜாதி என்று சொன்ன மியூசிக் சிஸ்டத்தையும் கேமராவையும் வெளிக்கடையில் பொருத்தும்போது வயரை அறுத்து ஒட்டினால், மின்சாரப் பழுது எது வந்தாலும் அந்த ஒட்டைச் சுட்டிக்காட்டிக் கம்பெனி விலகிக்கொள்ளும். வயரை அறுக்காமல் கப்ளரில் செருகும் முறையையே கடைக்காரரிடம் வற்புறுத்த வேண்டும். வெளியில் பொருத்தும் சி.என்.ஜி. கிட்டும் எஞ்சின் வாரண்டிக்கு ஆபத்து. அது வேண்டுவோர் கம்பெனி பொருத்திய வண்டியையே வாங்க வேண்டும். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாமையும் உரிமையைக் கெடுக்கும். முதல் சர்வீஸ் 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், அடுத்தது 5,000 அல்லது ஆறு மாதம், பிறகு 10,000 அல்லது ஒரு வருஷம் என்பது மாருதி முதலிய கம்பெனிகளின் வழக்கம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஒரு மாதம் என்பது பதினைந்து நாளாகவும், ஒரு வருஷம் என்பது ஐந்து மாதமாகவும் சுருங்கிவிடும். குறைவாக ஓட்டும் தம்பதியரோ, கிலோமீட்டர் ஆகவில்லையே என்று சர்வீஸைத் தள்ளிப்போடும் தவற்றைச் செய்யலாகாது; அவர்களுக்கு நாட்காட்டியே அளவுகோல்.

டெலிவரி நாளும் அதற்குப் பிறகும்

மாலை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்கு முன் காகிதங்களைப் பார்க்க வேண்டும். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் வண்டி தயாரான மாதமும் வருஷமும் இருக்கும்; அதையும், எஞ்சின் எண்ணையும், சேஸிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் பெயிண்ட், கண்ணாடி, ஐந்து டயர், கிலோமீட்டர் மீட்டர் ஆகியவற்றையும், புரோஷரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் பணம் கொடுத்த வேரியண்டின் ஒவ்வொரு வசதியையும் சரிபார்க்க வேண்டும். வாரண்டி உங்கள் பெயரில் எந்தத் தேதி முதல் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேட்டுப் பெற வேண்டும். பணத்தை வங்கி வழியாக ஷோரூம் கணக்குக்கே செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்க வேண்டும். பிரதிநிதியின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பலாகாது.

இத்தனைக்கும் பிறகு குறை நேர்ந்தால், சர்வீஸ் நிலையத்தில் கொடுக்கும் ஜாப் கார்டில் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச்செய்து, பிரதி வாங்கிச் சேர்த்து வையுங்கள். ஒரே குறை மீண்டும் மீண்டும் வந்ததற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. வாரண்டியின்கீழ் கிடைப்பது பொதுவாகப் பழுதான பாகத்தைச் சீர்செய்வதோ மாற்றித் தருவதோதான், புதிய வண்டி அன்று என்பதை மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2006-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகையால் எதிர்பார்ப்பையும் அந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு எழுதியும் பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். கொடும்பாளூர்க்காரருக்கு அது புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரையாயின் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். குறை தோன்றிய இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்துவிட வேண்டும்.

ஷோரூமில் கேட்க வேண்டியவை

கீழ்க்கண்ட கேள்விகளை ஒரு தாளில் பிரதி செய்து, குறைந்தது இரண்டு ஷோரூம்களில் கொடுத்து, ஷோரூம் முத்திரையுடன் பதில் பெறுங்கள்.

1. எக்ஸ்-ஷோரூம் விலை, ஆயுட்கால வரி, ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், இதர கட்டணம் ஆகியவை தனித்தனியே எவ்வளவு?

2. தள்ளுபடி எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு, எந்தத் தேதி வரை? புக்கிங்கை ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்?

3. வண்டி தயாரான மாதமும் வருஷமும் எவை?

4. இந்த வேரியண்டில் ஏர்பேக் எத்தனை? ஈ.எஸ்.சி. உண்டா? அடுத்த படியில் கூடுதலாக வருபவை எவை?

5. வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர்? நீட்டிக்கக் கட்டணம் என்ன? விற்றால் மாறுமா?

6. கொடும்பாளூருக்கு மிக அருகிலுள்ள சர்வீஸ் நிலையம் எது? வழியில் வண்டி நின்றுபோனால் உதவிக்கு வருவார்களா, எத்தனை வருஷத்துக்கு இலவசம்?

முத்திரையிட்ட அவ்விரு தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டார் அனைவரும் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். பதில் எழுதித்தர மறுத்த ஷோரூமின் விலை எவ்வளவு குறைந்ததாயினும், அதை விட்டுவிடுவதே நலம்.